ஒரு ஆள் போதும்

"முன்னாடி உக்காந்து கயிறு இழுக்கிற தொல்லையே இனிமே உனக்குக் கிடையாது டோரதி! எல்லாக் கயிறும் பின்னாடி, சுக்கான் பக்கத்துக்கே வந்துடும். ஓட்டுறதுக்கு ஒரு ஆள் போதும்!"

சாந்தோம் வீட்டுக் கூடம் முழுக்கக் கயிறும் கப்பியுமாகப் பரப்பி வைத்துக்கொண்டு சொன்னார் ஸ்தனிஸ்லாஸ். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் போதும், பாலவாக்கம் கடற்கரையில் நிற்கும் தன் சின்னப் பாய்மரப் படகைத் தேடி ஓடிவிடுவார். கூடவே மனைவி டோரதியும்.

இடது கையில் தோசைக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் டோரதி.

"அப்போ நான் என்ன பண்றது?"

"நீ மகாராணி மாதிரி சும்மா உக்காந்து வா."

பொய். மனிதர் வாய் கூசாமல் சொன்ன பொய். டோரதி இல்லாமல், தன்னந்தனியாக, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கடலுக்குப் போய்விட வேண்டும் அவருக்கு. அதற்குத்தான் இத்தனை கயிறும். பின்னே என்னவாம்? 'இழு!' என்று இவர் கத்தினால் 'எந்தக் கயிறு?' என்பாள். 'சிவப்பு!' என்றால் 'இது சிவப்பா, ஆரஞ்சா?' என்பாள். அதற்குள் காற்று திரும்பிவிடும். பாயின் கீழ்க்கட்டை இவர் மண்டையில் ஒரு போடு போட்டுவிட்டுப் போகும். 'குனிங்கன்னு சொன்னேன்ல?' என்பாள். சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

இதை நேராகச் சொல்லித் தொலைக்கலாமே என்றால், அதற்குத் தைரியம் வேண்டுமே!

"கப்பிதான் ரெண்டு குறையுது" என்று இழுத்தார்.

"பால்கனியில துணி காயப்போடுற கம்பியில இருக்கே. கழட்டிக்கோங்க."

ஸ்தனிஸ்லாஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கம்பியில் தெரியாத்தனமாக ஒரு அழுக்குத் துண்டைப் போட்டதற்கே வாரம் முழுக்கத் திட்டு வாங்கியவர் அவர்.

"நெஜமாவா சொல்ற?"

"உங்க சந்தோஷத்தைவிடத் துணியா பெருசு?"

நெஞ்சு உறுத்தியது. ஆனாலும் கழற்றிக்கொண்டார்.

டோரதி விடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இது எதுக்கு, அது எதுக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இவ்வளவு கவனமாகப் பாடம் கேட்டதில்லை.

"இந்தப் பல்லு வச்ச சாமான்?"

"அது கவ்வி. கயித்த இழுத்து இதுல அழுத்தினா அப்படியே கடிச்சுப் பிடிச்சுக்கும். கையில பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டாம். எல்லாக் கவ்வியும் வலது பக்கம் வருது."

"ஐயோ, வேண்டாங்க! உங்களுக்கு வலது தோள்பட்டை வலி இருக்குல்ல? எல்லாத்தையும் இடது பக்கமே போடுங்க. அந்தச் சுக்கான் கம்பும் ரொம்ப நீளம். கொஞ்சம் அறுத்துடுங்க, கைக்கு அடக்கமா இருக்கும்."

என்ன ஒரு அக்கறை! ஸ்தனிஸ்லாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் பாலவாக்கம் போய், கவ்விகளைப் படகின் இடது பக்கம் வைத்து முடுக்கினார். கம்பை அறுத்தார். குற்ற உணர்ச்சி தாளாமல் தி. நகருக்குப் போய், அவள் கரையில் உட்கார ஒரு மடக்கு நாற்காலியும் பெரிய குடையும் வாங்கி வந்தார். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, "வெயில் உனக்கு ஒத்துக்காது டோரதி, நீ இதுல உக்காந்து காத்து வாங்கு" என்று சொல்லிச் சொல்லிப் பழகினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படகைப் பார்த்துக்கொள்ளும் மீனவர் கதிரேசன் அதைத் தண்ணீர் ஓரம் வரை இழுத்து வைத்திருந்தார். டோரதி முதல் ஆளாக மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார். "டோரதி, வெயில்..."

"ஆமாங்க, என்ன வெயில்! என் தொப்பியைக் கார்லயே விட்டுட்டேன். கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்."

சீட்டில் தேடினார், சீட்டுக்கு அடியில் தேடினார், டிக்கியில் தேடினார். தொப்பி இல்லை. சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று நாற்காலியையும் குடையையும் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

படகைக் காணோம்.

அலைகளுக்கு அப்பால், பாய் புடைக்க, ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது அது. உள்ளே ஒரே ஒரு ஆள். தலையில் தொப்பி.

"யோவ் கதிரேசா! அவளுக்கு ஓட்டத் தெரியாதுய்யா!"

"இன்னா சார் நீ? நீ இஸ்கூலுக்குப் போனப்பறம் அம்மா டெய்லி வந்து என்னாண்ட கத்துக்கினு கீறாங்க. நான்தான் முன்னாடி குந்திக்கினு கயிறு இழுப்பேன். எத்த இழுத்தாலும், 'அது இல்லய்யா'ன்னு ஒரே கத்து. தனியா போனாதான் நிம்மதி, ஆனா கயிறெல்லாம் முன்னாடி கீதேன்னு பொலம்பிக்கினே இருந்தாங்க. இப்போ பாரு, சோக்கா போறாங்க!"

கதிரேசன் நாற்காலியை வாங்கி விரித்தார்.

"குந்து சார். வெயில் உனக்கு ஒத்துக்காதாம், இதுல உக்காந்து காத்து வாங்கச் சொன்னாங்க."

பொத்தென்று உட்கார்ந்தார் ஸ்தனிஸ்லாஸ். தூரத்தில் டோரதி கயிற்றைக் கவ்வியில் அழுத்திவிட்டு, அதே கையைத் தூக்கி ஆட்டினாள். கையெழுத்துப் போடுவது, காய் நறுக்குவது, கொசு அடிப்பது என்று எல்லாவற்றையும் இடது கையால் செய்கிற ஆள் தன் வீட்டில் ஒருத்திதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.