லோன் முடியட்டும்

"ஒரே ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க சார். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவள் நிஜமாகவே கைகளைக் கூப்பிவிட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"அதெல்லாம் முடியாதும்மா. நானே நெனச்சாலும் கம்ப்யூட்டர் ஒத்துக்காது" என்றார் வங்கி அதிகாரி.

எவ்வளவு சுலபமாக 'முடியாது' என்று சொல்லிவிட்டார்! அவளுக்கு மட்டும் அந்த ஒரு சொல், பேசத் தொடங்கிய நாளிலிருந்து, தொண்டைக்கு மேலே ஏறியதே இல்லை. ஏறியிருந்தால் இன்றைக்கு இப்படி வந்து நிற்பாளா?

காலையில் வங்கியிலிருந்து போன் வந்தது. வீட்டுக் கடன் விஷயமாக ஒரு தடவை நேரில் வந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கணவரிடம் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கையில் வெறும் பையோடு வந்திருந்தாள்.

"இன்னும் எட்டு மாசம் இருக்குன்னுதான் சார் நெனச்சிட்டிருந்தேன். இப்படித் திடுதிப்புனு கூப்பிட்டுச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"போன வருஷம் உங்க வீட்டுக்காரர் போனஸ் பணத்தை..." என்று அதிகாரி திரையைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"ஐயோ, அவரை இதுல இழுக்காதீங்க சார். அவருக்கு இது தெரியவே கூடாது."

அதிகாரி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து போய், மூலையில் இருந்த மெஷினிலிருந்து தானே ஒரு காபி பிடித்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். புது மெஷினுக்குக் கடன் கேட்டு வந்தவர். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. அவரால் பொறுக்க முடியவில்லை.

"எத்தனை வருஷமாக் கட்டறீங்கம்மா?"

"பன்னெண்டு."

சொல்லும்போதே அவளுக்குள் அந்தப் பன்னிரண்டு வருஷமும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. விளக்கு வைத்தால் நாலு பேருக்கும் ஒரே அறை, ஒரே விளக்கு. கரைந்துபோன சோப்புத் துண்டுகளைப் பழைய சாக்ஸுக்குள் போட்டு முடிந்தால் இன்னும் பத்து நாளைக்கு நுரை வரும். டூத் பேஸ்ட்டைக் கத்தரிக்கோலால் பிளந்து வழித்தார்கள். கணவருக்கு முடி வெட்டுவதும் அவள்தான். ஆபீஸில் யாராவது தலையை உற்றுப் பார்த்த அன்றெல்லாம் அவர் வந்து, "ஒரு தொப்பி வாங்கிக்கட்டுமா?" என்று கேட்பார். "லோன் முடியட்டும்" என்பாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'பிரேக்கு'.

"பையன் ஆறு வருஷமா டிரம்ஸ் கேக்கறான். லோன் முடியட்டும்டான்னு சொல்லி வச்சிருக்கேன். பொண்ணுக்கு ஒரு நாய் வேணுமாம், கன்னுக்குட்டி உயரத்துக்கு. லோன் முடியட்டும்டி. இவர் வேலையை விட்டுட்டுப் புல்லாங்குழல் கத்துக்கணும்ங்கறார். என் நாத்தனார் பிள்ளைகுட்டியோட வந்து நாலு மாசம் தங்கணும்ங்கறா. எல்லாருக்கும் அதே பதில்தான்."

"ஒருத்தராவது எதிர்த்துப் பேசினாங்களா?"

"இல்லைங்க. என் வார்த்தையை நம்பிக்கிட்டு உக்காந்திருக்காங்க." அவள் குரல் உடைந்தது. "இப்ப நான் எந்த முகத்தோட வீட்டுக்குப் போவேன்?"

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை அதிகாரி பக்கம் திருப்பினார்.

"ஏன் சார், உங்க மனசு என்ன கருங்கல்லா? வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் பணம் கட்டின பொம்பளை. ஒரு தவணையாவது தவறியிருக்காங்களா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்பறம் என்ன? மூட்டை மூட்டையா வாங்கிட்டு ஓடறவனை எல்லாம் கைகாட்டி அனுப்பிடறீங்க. இவங்களை மட்டும் பிழிஞ்சு எடுக்கறீங்க!"

"நியாயந்தானே" என்றது வரிசை. வாசலில் நின்ற காவலாளிகூட இரண்டடி உள்ளே வந்து தலையை ஆட்டினார்.

இத்தனை பேர் தனக்காகப் பேசி அவள் கேட்டதில்லை. அந்தத் தெம்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஆனாலும் பயம் போகவில்லை. பார்த்துப் பார்த்துக் கட்டிக் காத்த வீடு கண்ணெதிரே கைநழுவிக்கொண்டிருந்தது.

"ஒரு வருஷம்கூட வேணாம் சார். அஞ்சே அஞ்சு மாசம் குடுங்க. பையனுக்குப் பரீட்சையும் முடிஞ்சுடும். அதுக்குள்ள எப்படியாவது ஒரு வழி பண்ணிக்கறேன்."

"அஞ்சு மாசந்தானே சார்! குடுத்தா உங்க பேங்க் முழுகிடுமா?" என்றார் தையல்காரர்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவளைப் பார்த்தார். தையல்காரரைப் பார்த்தார். முறைத்துக்கொண்டிருந்த வரிசையை முழுசாக ஒரு முறை பார்த்தார்.

"கடனை மொத்தமாக் கட்டி முடிச்சவங்களுக்கு நான் எப்படிங்க அவகாசம் குடுக்கறது?"