பெட்டி தூக்கும் மாப்பிள்ளை

சற்றுமுன் கவுண்டரில் நின்று பயணச்சீட்டுப் பார்த்த அதே பையன், இப்போது செம்மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். தங்கமலர் கைத்தொலைபேசியில் இருந்த படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். சந்தேகமே இல்லை, ஜதுர்சன்தான்.

டென்மார்க்கில், யூலாந்தின் வடகோடிக் கடலோரத்தில், பஸ் தரிப்பிடத்தைவிடச் சற்றே பெரிதான விமான நிலையம் அது. மகள் சாரங்கிக்குப் பேசிய மாப்பிள்ளையை அவனுக்குத் தெரியாமல் எடை போட, ரண்டர்ஸ் நகரிலிருந்து விடியவே புறப்பட்டு வந்திருந்தாள். ‘எயார்போர்ட்டில் பெரிய பதவி’ என்றிருந்தார் தரகர்.

“பெரிய பதவியாம். பெட்டியெல்லோ தூக்கிறான்,” என்றாள் பக்கத்து இருக்கை விமலராணியிடம். அவள் தமிழில் வணக்கம் சொன்ன கணமே தங்கமலர் முழுக்கதையையும் கொட்டிவிட்டிருந்தாள்.

“அங்கை பாருங்கோ அக்கா, இப்ப குருவி கலைக்கிறார்,” என்றாள் விமலராணி.

உண்மைதான். ஓடுபாதையில் கடற்பறவைகளைத் துரத்திக்கொண்டிருந்தான் ஜதுர்சன்.

“எங்கடை வயலிலை கிளி கலைச்சவன் இவனைவிட வடிவா உடுப்புப் போடுவான்,” என்றாள் தங்கமலர்.

“படிச்ச பிள்ளையை இப்பிடி ஒருத்தருக்கோ குடுக்கப்போறியள்? சனம் என்ன கதைக்கும்?”

கோபன்ஹேகன் விமானத்துக்கு அழைத்தார்கள். எல்லோரும் எழுந்து போக, விமலராணி மட்டும் அசையவில்லை. ஆறுதல் சொல்ல ஒரு நல்ல மனுசி கிடைத்தாளே என்று தங்கமலருக்கு மனம் குளிர்ந்தது. அங்கேயே கணவர் குலேந்திரனை அழைத்தாள்.

“இஞ்சாருங்கோ, வேண்டாமெண்டு தரகருக்கு இப்பவே சொல்லுங்கோ.”

“யோசிச்சுக் கதையுமப்பா. பிள்ளையின்ரை செவ்வாய்க் குற்றத்துக்குப் பொருந்தின சாதகம் இது ஒண்டுதான்.”

“பெட்டி தூக்கிறவனுக்கு என்ன சாதகம்? சொல்லுங்கோ எண்டால் சொல்லுங்கோ.”

கொஞ்ச நேரத்தில், சொல்லியாயிற்று என்று குலேந்திரன் திரும்ப அழைத்தார். தங்கமலர் விமலராணியின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது விமலராணி யன்னல் பக்கம் பார்த்தபடி தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

“ஓம் பிள்ளை, கவுண்டரிலை விசாரிச்சிட்டன். இந்த எயார்போர்ட்டுக்கே அவர்தானாம் பொறுப்பு. சின்ன இடமெல்லோ, ஆள் குறைஞ்சால் அவரும் இறங்கிப் பெட்டி தூக்குவாராம்.”

தங்கமலர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

“போட்டிக்கு வந்த ஆக்களை அம்மா அனுப்பிப்போட்டன், நீ சாறியைக் கட்டு.”