புரூனோவுக்கு வாய்ப்பூட்டு

“நல்லாப் பாருங்க அங்கிள். ஒம்போது தையல்!”

டாரில் தன் மனைவி ஷர்மைனின் வலது கையைப் பூவைப்போல ஏந்தி, கட்டு எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினான். யோங் பெங் ஊரில் அந்தத் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் உச்சுக் கொட்டினார்கள். இந்தக் காலத்தில் பெண்டாட்டிக்காக இப்படித் துடிக்கிறவன் யார் என்று முன்வரிசையில் ஒரு பெண் முணுமுணுத்தாள்.

கடைசி வரிசையில் இருந்த செல்லம் தலை நிமிரவில்லை. ஷர்மைனைக் கடித்தது அவளுடைய நாய் புரூனோ. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

“ஆறு வருசமா வளக்கறேங்க. இதுவரைக்கும் யார் மேலயும் பல்லு பட்டதில்ல” என்றாள். “பின்கதவுத் தாப்பா லூசு. அதுல வெளிய வந்திருக்கும். என் தப்புதான்.”

போன ஞாயிற்றுக்கிழமை ஷர்மைன் பின்சந்தில் குப்பை போடப் போனபோது நடந்தது அது. செல்லம் அப்போது நாற்காலி ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது வாசலில் டாரில் நின்று கத்தினான்.

அன்றைக்குத்தான் அவள் புரூனோவை முதல் தடவையாக அடித்தாள். துடைப்பக்கட்டை முறியும் வரை அடித்தாள். அது ஓடவில்லை, உறுமவுமில்லை. காதை மடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி படுத்திருந்தது.

“நாயக் கொல்லச் சொல்லல” என்றார் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் கனகராஜ். “ஆனா சின்னப் புள்ளைங்க சைக்கிள் ஓட்டற எடம் லா இது. இனிமே நாள் முழுக்க வாய்ப்பூட்டு போட்டுத்தான் வெச்சிருக்கணும். இல்லன்னா நகராண்மை மஜ்லிஸுக்கு ஃபோன் போடுவோம், வந்து புடிச்சிட்டுப் போகட்டும்.”

“நாய் வாயத் தொறந்துதான மூச்சு வாங்கும்? இந்த வெயில்ல எப்படிங்க?” என்று கேட்டார் எதிர்வீட்டு ஹேமநாதன். “தாப்பாவ மாத்திட்டா போதாதா?”

“உங்க பேத்தியக் கடிச்சா இப்படிப் பேசுவீங்களா?” என்று மடக்கினார் கனகராஜ்.

ஹேமநாதன் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் ஷர்மைன் வாயைத் திறந்தாள்.

“பூட்டெல்லாம் வேணாம் அங்கிள்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாவம் அது. நான்தான் கவனமில்லாம கிட்டப் போயிட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

செல்லத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கடிபட்டவளுக்கு இப்படி ஒரு மனசா!

“இவ இப்படித்தான் அங்கிள். ரொம்ப எளகின மனசு” என்று டாரில் மனைவியின் தோளில் தட்டினான். வாய்ப்பூட்டுக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னபோது முதலில் உயர்ந்தது அவன் கைதான். ஷர்மைன் கட்டுப் போட்ட கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே செல்லம் கறுப்பு வார் வைத்த வாய்ப்பூட்டு ஒன்றை வாங்கி வந்தாள். காலையும் மாலையும் சோறு வைக்கும்போது மட்டும் கழற்றுவாள். மற்ற நேரமெல்லாம் புரூனோ சிமெண்ட் தரையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே கிடந்தது. மூன்றாவது வாரத்தில் மூக்குத்தண்டில் முடி உதிர்ந்து சதை தெரிந்தது. தபால்காரரைப் பார்த்தாலும் எழுந்திருக்கவில்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் டாரில் சனி, ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பான். வந்தால் வாசல் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “பூட்டு இருக்குல்லக்கா?” என்று சிரித்துக் கேட்டுவிட்டுப் போவான். செல்லம் தலையை ஆட்டுவாள். புரூனோ சுவரோரமாக ஒண்டிக்கொள்ளும்.

நாலாவது வாரம், திங்கட்கிழமை காலை. செல்லம் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தபோது, வாசல் கம்பிக் கேட்டின் அந்தப் பக்கம் ஷர்மைன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் பாலர் பள்ளி வேலைக்குப் போகும் சீருடையில்தான் இருந்தாள். கம்பிக்குள் கையை விட்டு, புரூனோவின் வாய்ப்பூட்டு வாரைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வாலை ஆட்டிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

“ஷர்மைன்! என்னம்மா பண்றே?”

“இதக் கழட்டி வெளிய விடுங்கக்கா. கொஞ்ச நேரம் போதும்.”

“அலமாக், வேணாம்மா! கனகராஜ் இப்பத்தான் வாக்கிங் வருவாரு. பாத்தாருன்னா நாய உயிரோட விட மாட்டாங்க.”

“பாக்கட்டும்கா. பூட்டு இல்லாம சுத்துனத நாலு பேரு பாக்கட்டும்.”

செல்லத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்குப் பாவம் என்று சொன்னவள் இப்போது நாயைக் காட்டிக் கொடுக்கவா வந்திருக்கிறாள்? கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அப்போதுதான் ஷர்மைனின் இடது முழங்கையில் சுற்றியிருந்த துண்டு கண்ணில் பட்டது. அதில் ரத்தம் ஊறிக் கசிந்துகொண்டிருந்தது.

“ஐயோ, இது எப்ப? புரூனோ நேத்தெல்லாம் பூட்டோடதானம்மா கெடந்துச்சு!”

ஷர்மைன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாரின் கொக்கியை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

“அதுக்குத்தான்கா கெஞ்சறேன். இது வாய்ல பூட்டு இருந்தா, என்னை யாரு கடிச்சதுன்னு நான் சொல்றது?”