ஆளுக்கொரு பூட்டு

அபாயச் சங்கு அலறியது.

கையெழுத்துப் போடப்போன பாதுகாப்பு அதிகாரியின் பேனா, காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நின்றது.

விட்டு விட்டு மூன்று முறை அலறினால் ஒரே அர்த்தம்தான். டிரம்முக்குள் ஆள் இருக்கிறார்.

அவள் எழுந்து ஓடினாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த, மீசை என்று எல்லோரும் கூப்பிடும் தொழிலாளி, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

மேசைமேல் கிடந்த கடிதம் அவருடையதுதான். பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவரை இன்றோடு வீட்டுக்கு அனுப்பும் கடிதம். பூட்டு மாட்டாமல் டிரம்முக்குள் இறங்கி இடது பாதத்தை இழந்தவர் அவர். அஜாக்கிரதையாக இருப்பவருக்கு இங்கே இடமில்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது.

விசாரித்து அறிக்கை எழுதியவள் அவள். பூட்டு தொலைந்துபோய்விட்டது, சும்மாதான் இறங்கினேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவரே ஒப்புக்கொண்டார். அதற்குமேல் எழுத என்ன இருந்தது?

டிரம் என்பது பஸ் நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை. ஊரிலுள்ள சமையலறைகளின் மிச்சமும் சந்தையின் அழுகலும் ஒரு பக்கம் தானாக ஏறி உள்ளே விழும். கை படாது, ஈ மொய்க்காது. மூடிய இருட்டில் உருண்டு, கத்திகளால் கிளறப்பட்டு, தன் சூட்டிலேயே வெந்து, பன்னிரண்டாம் நாள் மறுபக்கம் எருவாக வந்து விழும்.

எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும். ஆனால் ஜனங்கள் கட்டிப் போடும் சாக்கும் கயிறும் கத்தியில் சுற்றிக்கொண்டால், கத்தரித்து எடுக்க ஆள்தான் இறங்க வேண்டும்.

அதற்குத்தான் பூட்டு. இறங்குகிறவர் தன் படம் ஒட்டிய பூட்டை சுவிட்ச் பலகையில் மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வார். வெளியே வந்ததும் தானே திறப்பார். ஆளுக்கொரு பூட்டு. ஒன்று மிச்சம் தொங்கினாலும், சுவிட்சைப் போட்டால் டிரம் உருளாது, சங்குதான் ஊதும்.

இன்று காலை இறங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவன் நெட்டை. இன்னொருவன் மீசையின் தங்கை புருஷன். மீசை கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஆலை முழுக்கவே அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

இருவரும் வெளியேதான் நின்றார்கள். இருவரின் பூட்டும் கழன்றிருந்தது.

பலகையில் மூன்றாவதாக ஒரு பூட்டு தொங்கியது.

அவள் டார்ச்சை வாங்கி டிரம்முக்குள் அடித்துப் பார்த்தாள். யாரும் இல்லை. திரும்பி வந்து பூட்டைப் புரட்டினாள்.

படத்தில், கன்னம்வரை முறுக்கிய மீசையோடு மீசை.

விபத்துக்குப் பிறகு மீசையை மழித்துவிட்டவர், பின்னால் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

விபத்து நடந்த அன்று அந்தப் பூட்டைத் தேடாத இடமில்லை.

பேய்தான் மாட்டியிருக்கும் என்றார் சுவிட்ச்காரர். மீசைக்கு ரெண்டு உடம்பு போல, ஒன்று ஆபீசில் திட்டு வாங்குகிறது, இன்னொன்று இங்கே வேலை பார்க்கிறது என்றான் நெட்டை. யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை துடைத்த முகத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. கிளறாமல் விட்டால் பன்னிரண்டு நாள் பாடும் வீண். இரும்பு வெட்டும் கத்தரியைக் கொண்டுவரட்டுமா என்று சுவிட்ச்காரர் கேட்டார்.

அவள் கையமர்த்தினாள். யார் மாட்டியது என்று கேட்டாள்.

"நான்தான் மேடம்," என்றார் மீசை அவசரமாக. "காலைல ஏதோ நெனப்புல மாட்டிட்டேன். வெட்டச் சொல்லுங்க."

சாவி எங்கே என்றாள்.

சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். கால்சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். பிறகு, தொலைந்துபோய்விட்டது என்றார்.

எட்டரை மணியிலிருந்து அவர் அவளுடைய அறையை விட்டு நகரவில்லை. இவர்கள் இறங்கியது ஒன்பது மணிக்கு.

தொலைந்துபோய்விட்டது. ஏழு மாதம் முன்பு கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்ன அதே வார்த்தை. தரையைப் பார்த்த அதே பார்வை. இந்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அன்றைக்கும் வந்திருக்காது. இன்னொரு கேள்வி கேட்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையை நோக்கி வந்தான்.

மீசை ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினார். தங்கச்சியையும் கைக்குழந்தையையும் நினைத்துப் பார் என்று பல்லைக் கடித்தபடி சொன்னார். வாயை மூடிக்கொண்டு போ என்றும் சொன்னார். வாயைத் திறக்காமலே நின்றவனிடம் அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மாப்பிள்ளை ஊன்றுகோலை மெல்ல விலக்கினான். பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தான். பூட்டைத் திறக்கவில்லை. சாவியை அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தான்.

"அன்னிக்கு என் பூட்டை வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன், மேடம். மச்சான் தன்னோடதை எனக்குக் குடுத்துட்டு, என் கூடவே எறங்கினாரு. நான்தான் முதல்ல வெளிய வந்தேன்... பூட்டையும் கழட்டிட்டேன்."