நல்ல அக்கம்பக்கம்

பத்திரம் முடிந்த அன்று வாசலில் நின்றவர்கள்: தரகர், எதிர்வீட்டுக்காரி, பக்கத்து வீட்டுப் பெரியவர், வீட்டை வாங்கிய ஓய்வுபெற்ற நர்ஸம்மா.

"ராத்திரி இழுப்பு வந்தா ஓடிவர ஆள் வேணும். அதுக்குத்தான் டவுன் வீட்டை வித்துட்டு வந்தேன்" என்றார் நர்ஸம்மா.

"மூணு தலைமுறையா இதே தெருதான் நாங்க. ஒரு குரல் கொடும்மா, சுவரேறிக் குதிச்சு வரேன்" என்றார் பெரியவர்.

"இவர் குதிச்சா சுவரும் கூடவே வரும்க்கா" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நர்ஸம்மா சிரித்துக்கொண்டே தரகரிடம் சாவியை வாங்கினார்.

எதிர்வீட்டுக்காரி தன் வீட்டைப் பூட்டி, சாவியைத் தரகரிடம் கொடுத்தாள். பெரியவரும் கொடுத்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"நாங்க பூட்டினதெல்லாம் விக்கிற வீடுக்கா. அடுத்த ஊர்ல ஒருத்தர் வீடு பார்க்க வர்றாரு. அங்கேயும் நாங்கதான் அக்கம்பக்கம்."

நர்ஸம்மா தெருவைப் பார்த்தார். எல்லா வாசலிலும் பூட்டு தொங்கியது.

எதிர்வீட்டுக்காரி தரகரின் வேனில் ஏறினாள். அவள் பின்னால் தரகர் வேன் கதவை வெளியிலிருந்து சாத்திப் பூட்டினார்.