வலது மடல்

அந்தச் சின்ன ரிமோட் விமானத்தின் புரொப்பெல்லரைக் கழற்றித் தனியே வைத்தாள். மோட்டார் தவறிச் சுற்றினால் விரல் போய்விடும் என்று கையேட்டில் இருந்தது.

முதலில் ரிமோட்டை ஆன் செய்தாள். பிறகுதான் விமானத்துக்குள் பேட்டரி.

மோட்டார் மூன்று முறை கூவியது. ரிசீவரின் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டி, நிலையாக எரிந்தது.

அவள் மூச்சு விட்டாள்.

குச்சியை வலப்பக்கம் தள்ளினாள். வலது இறக்கையின் மடல் மேலே எழுந்தது. இடது மடல் கீழே இறங்கியது.

சரி.

எழும் மடலைக் காற்று அமுக்கும். அமுங்கும் பக்கம் விமானம் சாயும். இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது.

மூன்று வருஷம் காலை நடையின்போது, மைதானத்தில் மற்றவர்கள் பறக்கவிடுவதை நின்று பார்த்திருக்கிறாள். இது அவளுடைய முதல் விமானம். பதினோரு நாள் வேலை. கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகியது அதற்கு மேல்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் தனபாலும் கூட வந்தான். பைக்கில் விமானத்தை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

மைதானத்தில் நாலு பேர் இருந்தார்கள். மூத்தவர் சேவியர் வந்து, இறக்கையைத் தூக்கி, ஒயர்களைப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கே. யாரு பண்ணுனது?"

"நாந்தானுங்க," என்றான் தனபால். "எங்க வீட்ல கூடமாட ஒத்தாசை."

சேவியர் தலையாட்டிவிட்டுத் தன் விமானத்துக்கு பேட்டரி மாட்டப் போனார்.

அவள் ஒயரை உள்ளே தள்ளி மூடினாள்.

"கொண்டா. மொதல் ரவுண்டு நான் பாத்துக்கறேன்."

ரிமோட் அவன் கைக்குப் போனது.

குச்சியை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"என்ன இது, தலைகீழா வேலை செய்யுது? வலது பக்கம் போவணும்னா அந்தப் பக்கம் கீழதானே எறங்கணும்?"

"இல்லீங்க. அது சரிதான்."

"உனக்கு எல்லாந் தெரியும்."

ரிமோட்டின் அடியில் சின்ன ஸ்விட்சுகள் வரிசையாக இருந்தன. முதலாவதை நகத்தால் தள்ளினான். இப்போது வலது மடல் கீழே இறங்கியது. அவனுக்குத் திருப்தி.

"எறி."

நாலு பேரும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

இன்னொரு முறை சொல்லலாம். இத்தனை பேர் முன்னால் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நாள் நடக்கும் என்றும் தெரியும்.

மோட்டார் இரைந்தது.

கோணலாக எறிந்தால் அதுவும் அவள் தப்பாகிவிடும். கையேட்டில் சொன்னபடி காற்றுக்கு எதிரே, நேராக, முழு பலத்தோடு எறிந்தாள்.

பறந்தது.

ஒரு தென்னை உயரம் போனது. லேசாக இடது பக்கம் சாய்ந்தது. அவன் நிமிர்த்தப் பார்த்தான், இன்னும் சாய்ந்தது. குச்சியைக் கடைசிவரை தள்ளினான்.

விமானம் முதுகைக் காட்டிப் புரண்டு, தலைகுப்புற மண்ணில் குத்தியது.

யாரோ "அச்சச்சோ" என்றார்கள்.

"ஒயரிங்ல ஏதோ கோளாறு," என்றான் தனபால், எல்லாருக்கும் கேட்கும்படி. "வாணிதான் பண்ணுனா. நான் அப்பவே நெனச்சேன்."

அன்று காலை அவள் பெயர் அவன் வாயில் வந்தது அப்போதுதான்.

ரிமோட்டை அவளிடம் நீட்டிவிட்டு பைக்கை நோக்கி நடந்தான்.

அவள் ஓடவில்லை. நடந்துபோய் முதலில் பேட்டரியைப் பிடுங்கினாள். மூக்கு சப்பியிருந்தது. ஒரு இறக்கை இரண்டாகியிருந்தது. துண்டுகளைத் துப்பட்டாவில் சேர்த்தாள்.

பைக் ஹாரன் அடித்தது.

சேவியர் அருகில் வந்து நின்றார். "அடுத்த தடவ தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டுப் பறக்கவிடுங்கம்மா."

அவள் ரிமோட்டைத் திருப்பி, முதல் ஸ்விட்சைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள்.

சேவியர் அந்த ஸ்விட்சைப் பார்த்தார். பிறகு பைக்கில் இருந்தவனைப் பார்த்தார்.

மறுபடி ஹாரன்.

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, பசை இருக்குங்களா?"