மேலே தெளிந்த நீர்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சோதனைக்கூட மேசையில், சாக்கடை நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவைக்குள் படிகாரக் கரைசல் இறங்குகிறது. கலக்கும் துடுப்பு மெல்லச் சுழல, நீரெங்கும் மிதந்த அழுக்கு ஒன்றையொன்று பற்றிப் பஞ்சுப் பிசிறுகளாகத் திரண்டு அடியில் போய் உட்காருகிறது. மேலே நீர் பளிங்காக நிற்கிறது. வந்திருக்கும் விருந்தினர்கள் வாய் பிளக்க, பொறியாளர் அதை டம்ளரில் ஊற்றிச் சோதனையைச் செய்துகாட்டிய பெண்ணிடம் நீட்டுகிறார். "குடிச்சுக் காட்டும்மா." "தெளிஞ்சிருக்கு, அவ்வளவுதான் சார். கிருமியெல்லாம் அப்படியே இருக்கும்." யாரோ சிரிக்க, பொறியாளரின் முகம் சுண்டுகிறது. அவள் கதவோரம் நிற்கும் கணவனைப் பார்க்கிறாள். அவனும் அங்கேதான் பம்பு ஓட்டுகிறான். "சார் சொல்றாருல்ல? மானத்த வாங்காம குடிச்சுத் தொலையேன்," என்கிறான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குடிக்கிறாள். தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்க்கிறார்கள். டம்ளர் காலியானதும் கைதட்டுகிறார்கள். பொறியாளர் தட்டிக்கொடுப்பது அவள் கணவனின் தோளை.